வால்ல இருந்த மூவர்ணம் எங்க போச்சு?

பி-24 லிபரேட்டர்னு ஒரு பாம்பர் பிளேன். நாலு இன்ஜின், 110 அடி ரெக்கை, இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்காக்காரன் 18,000க்கு மேல செஞ்சு தள்ளுனான். போர் முடிஞ்சதும் பெரும்பாலானதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு. இன்னைக்கு முழுசா மிஞ்சி நிக்கறது விரல் விட்டு எண்ணிடலாம், அதுல கிட்டத்தட்ட பாதி நம்ம ஏர்ஃபோர்ஸ்ல ஓடுனது. இது நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

கதை என்னன்னா, பிரிட்டிஷ்காரன் இதெல்லாம் அமெரிக்காகிட்ட லெண்ட்-லீஸ்ங்கற போர்க்கால இரவல் ஒப்பந்தத்துல வாங்குனது, போர் முடிஞ்சா திருப்பிக் குடு இல்ல உபயோகமில்லாம ஆக்கிடுன்னு கண்டிஷன், அதனால கான்பூர்ல நிறுத்தி வச்சிருந்ததையெல்லாம் இன்ஜின்ல மண்ணைப் போட்டு, மீட்டரை உடைச்சு, இனிமே பறக்கவே கூடாதுன்னு பண்ணிட்டுப் போயிட்டான். 1948ல நம்ம ஏர்ஃபோர்ஸ்கிட்ட பெரிய பாம்பர் ஒண்ணுகூட இல்ல, புதுசா வாங்கக் காசும் இல்ல. அப்பதான் பெங்களூர் விமானக் கம்பெனி எச்ஏஎல் ஆளுங்க அந்தக் குப்பைமேட்டுல இறங்குனாங்க. இதுல இருந்து ஒரு பார்ட், அதுல இருந்து ஒரு பார்ட்னு கழட்டி மாட்டி, ஏதோ பறக்கற அளவுக்குத் தேத்தி, ஜம்ஷெட் முன்ஷின்னு எச்ஏஎல் டெஸ்ட் பைலட், ஒவ்வொண்ணா கான்பூர்ல இருந்து பெங்களூருக்கு ஓட்டிட்டு வந்தாரு. ஒண்ணு ரெண்டு இல்லங்க, 40க்கு மேல! அந்த மனுஷன் தைரியத்தை நினைச்சா எனக்கு இப்பவும் வயித்தைக் கலக்குது.

பெங்களூர்ல முழுசா ஓவர்ஹால் பண்ணி ஏர்ஃபோர்ஸோட 5ஆம் ஸ்குவாட்ரன், 6ஆம் ஸ்குவாட்ரன்னு ரெண்டு படைப்பிரிவுக்குக் குடுத்தாங்க. பின்னாடி கடல் கண்காணிப்பு வேலை. 1968 கடைசி வரைக்கும் ஓடுச்சு. மத்த நாடெல்லாம் எப்பவோ கைகழுவிட்ட பிளேன் அது.

என் வருத்தம் இதுதான். இப்ப அமெரிக்காவுல பழைய பிளேன்களைப் பாதுகாக்கற காலிங்ஸ் ஃபவுண்டேஷன்கிட்ட இருக்கே ஒண்ணு, சீரியல் 44-44052, அது 1944ல டெக்சாஸ்ல செஞ்சு உடனே பிரிட்டிஷ் கைக்குப் போனது. அமெரிக்க ராணுவத்துக்காக ஒரு குண்டு போட்டதில்ல. அப்புறம் 20 வருஷம் நம்மகிட்ட, அதுக்கப்புறம் பெங்களூர்ல 13 வருஷம் வெயில்லயும் மழையிலயும் சும்மா கிடந்துச்சு. 1981ல பழைய பிளேன் சேகரிக்கற ஒரு பிரிட்டிஷ்காரர் வாங்கிப் பிரிச்சு எடுத்துட்டுப் போனாரு, அவர்கிட்ட இருந்து காலிங்ஸ் வாங்கி 1989ல மறுபடி பறக்க விட்டாங்க. சரி, பிரமாதம், கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா மூக்குல என்ன பேரு தெரியுமா? 'விட்ச்கிராஃப்ட்'. இங்கிலாந்துல இருந்து குண்டு போட 130 தடவை போன வேற ஒரு பிளேனோட பேரு! அந்த ஒரிஜினல எப்பவோ ஒடச்சு வித்துட்டாங்க.

ரெஸ்டோர் பண்ண டொனேஷன் குடுத்தது அமெரிக்க போர் வீரர்கள், அவங்க ஓட்டுன பிளேன் பேரைத்தான் பாக்க ஆசைப்படுவாங்க, அது நியாயம். ஆனா அடுத்த தடவை பெயிண்ட் மாத்தறப்ப (ஏற்கெனவே ரெண்டு தடவை மாத்தியாச்சு, இது மூணாவது பேரு) ஒரே ஒரு வருஷம் அந்த வால்ல மூவர்ணத்தை அடிச்சுப் பாருங்களேன். டெல்லி பாலம் மியூசியத்துல நம்மளோடது ஒண்ணு நிக்குது, கலர் தெரியலைன்னா அங்க வந்து பாத்துக்கட்டும்.