பெரிங்கர் மாடல் டி சட்டவிரோதமா?

தம்பி, மூக் (Moog) நிறுவனத்தின் மினிமூக் மாடல் டி என்ற சின்தசைசருக்கு, அதாவது மின்னணு முறையில் ஒலி எழுப்பும் இசைக்கருவிக்கு, பெரிங்கர் நிறுவனம் செய்த நகல்தான் இந்த மாடல் டி. அதைப் பற்றி "பெரிங்கரின் மாடல் டி, மூக்கின் காப்புரிமையைத் திருடிச் செய்தது, சட்டப்படி குற்றம்" என்று எழுதியிருக்கிறீங்கள். அது பிழை. மினிமூக்கின் தடித்த ஒலிக்குக் காரணம் லேடர் ஃபில்டர், ஒலியின் கூர்மையான மேல் பகுதியை வடிகட்டும் உறுப்பு. டிரான்சிஸ்டர்களைச் சோடி சோடியாக ஏணிப்படி போல அடுக்கிய சுற்று. அதற்கு ராபர்ட் மூக் 1969இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 17 வருடத்துக்குத்தான். 1986இலேயே முடிந்துவிட்டது.

கல்லடியில் எங்கள் இசைக்குழுப் பொடியன் இந்த நகலைத்தான் வாசிக்கிறான். ஃபில்டர் குமிழைத் திருப்பத் திருப்ப பாஸ் (தாழ்ந்த சுருதி) ஒலி மெல்ல இருண்டு வரும். மூல மூக் வாங்க அவனுக்கு வழியே இல்லை.

சரி, நியாயமா என்றால் அது வேறு கேள்வி. முகப்பின் குமிழ் வரிசையையும் பெயரையும் அப்படியே எடுத்தது எனக்கும் மனதுக்கு ஒப்பவில்லை. 2016இல் மூக் நிறுவனமே மூல மினிமூக்கை மீண்டும் செய்து விற்றதே!