ஹன்போக் இருந்தாலும் பின்தோட்டத்துக்குத் தனி டிக்கெட்

"கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக் உடுத்திப் போனால் சியோலின் சாங்டொக்குங் அரண்மனையில் எல்லாமே இலவசம், பின்தோட்டத்திலும் இஷ்டம்போல் சுற்றலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதிதான் சரி. ஹன்போக் அணிந்தால் அரண்மனைக்குள் இலவசமாகப் போகலாம். ஆனால் ஹூவோன் என்கிற பின்தோட்டத்துக்குத் தனி டிக்கெட், குறித்த நேரம், வழக்கமாக வழிகாட்டியோடு குழுவாகத்தான் நடக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் முன்பதிவு சட்டென்று தீர்ந்துவிடும். இலவசம் என்று நம்பிப் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

அந்தத் தோட்டத்தைத் தவறவிட்டால் பெரிய இழப்பு. அரண்மனை வளாகத்தில் பாதிக்கும் மேல் அதுதான். பூயோங்ஜி குளத்தைப் பாருங்கள்: சதுரக் குளம், நடுவில் வட்டத் தீவு. பூமி சதுரம், வானம் வட்டம் என்ற பழைய நம்பிக்கை அது. கரையிலுள்ள சிறு மண்டபத்தின் இரண்டு கல்தூண்கள் தண்ணீருக்குள்ளேயே ஊன்றி நிற்கும். எதிர் மேட்டில் 1776-இல் ஜொங்ஜோ மன்னர் கட்டிய ஜுஹம்னு என்ற மாடிக் கட்டடம். கீழ்த்தளம் அரச நூலகமாக இருந்தது.

அப்புறம், இங்கே திங்கள் விடுமுறை. சியோலின் இன்னொரு அரண்மனையான கியோங்பொக்குங்கிற்குத்தான் செவ்வாய். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.