டிரிஸ் செத்தாளா, இல்லையா?

சிகாகோ. ஓஹேர் விமான நிலையம் போகும் ப்ளூ லைன் ரயில். மதுரையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. பக்கத்தில் மாப்பிள்ளை. அலுவலக வேலையாக வெளியூர் போன மகள் இன்று திரும்புகிறாள். அழைத்து வரப் போகிறார்கள்.

மாப்பிள்ளை: என்ன அத்தை, கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது? ராத்திரி தூங்கவில்லையா?

அத்தை: அந்தப் பெண் போய்விட்டாள் மாப்பிள்ளை. விடிகாலை நாலு மணிக்கு.

மாப்பிள்ளை: ஐயையோ! யாரு, மேலூர்ச் சித்தியின் பெண்ணா? ஊரிலிருந்து ஃபோன் வந்ததா?

அத்தை: டிரிஸ்.

மாப்பிள்ளை: நம் சொந்தத்தில் டிரிஸ் என்று யாரும்...

அத்தை: டைவர்ஜென்ட் நாவலில் வருகிற டிரிஸ். உங்கள் அலமாரியில் மூன்று புத்தகமும் வரிசையாக இருந்ததே. வந்ததிலிருந்து ராத்திரியில் தூக்கம் பிடிக்கவில்லை, எடுத்துப் படித்தேன். முதல் இரண்டும் ஓரம் மடிந்து நைந்து கிடந்தன. மூன்றாவது மட்டும் புதுக் கருக்குக் கலையாமல் இருந்தது. பாதியில் ஒரு பஸ் டிக்கெட் வேறு.

மாப்பிள்ளை: புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் உங்கள் பெண்ணை மிஞ்ச ஆளில்லை அத்தை.

அத்தை: பதினாறு வயதுப் பெண். ஓடுகிற ரயிலில் தாவி ஏறி, ஓடுகிற ரயிலிலிருந்தே குதிக்கிறாள். அப்பா, அம்மா இரண்டு பேரையும் முதல் புத்தகத்திலேயே பறிகொடுக்கிறாள். அத்தனையும் தாங்கி வந்தவளைக் கடைசியில் இப்படியா...

மாப்பிள்ளை: அட, டிரிஸ் எங்கே செத்தாள்? நன்றாகத்தான் இருக்கிறாள். சிகாகோவைக் காப்பாற்றிவிட்டுக் காதலன் ஃபோரோடு நிற்பாளே!

அத்தை: விஞ்ஞானிகளின் தலைவன் டேவிட் சுட்டான் மாப்பிள்ளை. ரத்தம் கொட்டக் கிடந்தாள். செத்த அம்மா கண்முன்னே வந்து நின்றாள். அப்புறம் சாம்பலைத் தூவினார்கள். சாம்பலான பிறகு எப்படி நன்றாக இருப்பாள்?

மாப்பிள்ளை: சாம்பலா?

அத்தை: நீங்கள் இந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறீர்களா?

மாப்பிள்ளை: படிக்காமலா? நானும் உங்கள் பெண்ணும் முதன்முதலில் பேசியதே இதைப் பற்றித்தானே.

அத்தை: தெரியும். 'அம்மா, அவருக்கும் டைவர்ஜென்ட் என்றால் உயிர்' என்று சொல்லித்தான் எங்களைச் சம்மதிக்க வைத்தாள். ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம்தான் இருந்தது, பத்தாவது இதுதான் என்று உங்கள் மாமாவிடம் நானே வாதாடினேன். சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். மூன்றாவது புத்தகத்தில் கதையைச் சொல்வது யார்?

மாப்பிள்ளை: டிரிஸ்.

அத்தை: வேறு?

மாப்பிள்ளை: வேறு... அட்டையில் போட்டிருக்கும் வெரோனிகா ராத்?

அத்தை: ஃபோர்! ஒரு அத்தியாயம் அவள், ஒரு அத்தியாயம் அவன். முதல் இரண்டு புத்தகத்திலும் அவள் ஒருத்திதான் பேசுவாள். மூன்றாவதில் இவனும் வாயைத் திறந்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கதை சொல்கிறவள் போகப் போகிறாள், மிச்சத்தைச் சொல்ல ஆள் பிடித்து வைக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா? இரண்டு பேர் குரலும் ஒன்று. ஒருத்தனைப் பார்த்து இன்னொருத்தன் எழுதிய விடைத்தாள் மாதிரி. அத்தியாயத் தலைப்பில் இருக்கும் பெயரைப் பார்க்காமல் விட்டால், பேசுவது பையனா பெண்ணா என்று தெரிய ரெண்டு பக்கம் ஆகிறது. உங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

மாப்பிள்ளை: (குரலைத் தாழ்த்தி) நான் படம்தான் பார்த்தேன் அத்தை. மூன்று படமும் பார்த்தேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அத்தை: அப்போதே நினைத்தேன். படத்தில் அவள் சாகவே இல்லையா?

மாப்பிள்ளை: சாகிற இடத்துக்குப் படம் போய்ச் சேரவில்லை. கடைசிப் புத்தகத்தை இரண்டு படமாக வெட்டுவது அப்போது ஹாலிவுட்டில் ஒரு வியாபாரம். ஹாரி பாட்டரை வெட்டினார்கள், ட்வைலைட்டை வெட்டினார்கள், ஹங்கர் கேம்ஸை வெட்டினார்கள். காசு கொட்டியது. இவர்களும் கத்தியை எடுத்தார்கள். முதல் இரண்டு படமும் உலகம் முழுக்க 28, 29 கோடி டாலர் வசூல். 2016-ல் வந்த மூன்றாவது 18 கோடியில் நொண்டியடித்து உட்கார்ந்துவிட்டது. நாலாவதுக்கு அசென்டன்ட் என்று பெயரெல்லாம் வைத்து, 2017 ஜூனில் வரும் என்றார்கள்.

அத்தை: வந்ததா?

மாப்பிள்ளை: தியேட்டருக்கு வேண்டாம், டிவியில் போடுகிறோம் என்றார்கள். டிரிஸாக நடித்த ஷைலீன் வுட்லி, டிவிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதோடு கதை முடிந்தது. அதாவது, முடியவில்லை.

அத்தை: டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்களுக்கு முடிவே இல்லையா?

மாப்பிள்ளை: இல்லை. அடுத்த படத்துக்குக் காசு புரளவில்லை, டிரிஸ் பிழைத்துக்கொண்டாள்.

அத்தை: கொடுத்து வைத்தவள்.

மாப்பிள்ளை: சரி அத்தை, கதாநாயகி செத்தால்தான் என்ன? சோகமான முடிவு நம் ஊரில் இல்லாததா?

அத்தை: நான் மதுரைக்காரி, என்னிடமா கேட்கிறீர்கள்? கோவலன் சாகவில்லையா? ஆனால் அவன் செத்ததும் கண்ணகி சிலம்போடு அரண்மனைக்குப் போகிறாள், ராஜா உயிரை விடுகிறான், ஊரே எரிகிறது. ஒரு சாவுக்கு அவ்வளவு பெறுமானம் வேண்டும். இங்கே சிகாகோ எரிந்ததா?

மாப்பிள்ளை: சிகாகோ 1871-லேயே எரிந்துவிட்டது அத்தை. மறுபடியும் எரித்தால் இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அத்தை: சாவில் எனக்குத் தகராறு இல்லை மாப்பிள்ளை. காரணம்தான் இடிக்கிறது. முதல் புத்தகத்தில் ஊரை ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். தைரியசாலி ஒரு பக்கம், படிப்பாளி ஒரு பக்கம், தியாகி ஒரு பக்கம் என்று. எந்தப் பிரிவிலும் அடங்காதவள் இவள். படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் 'நானும் அப்படித்தான்' என்று நினைத்திருக்கும். நானே நினைத்தேன், இந்த வயதில். மூன்றாவது புத்தகத்தில் ஊருக்கு வெளியே போனால், அங்கே ஒரு விஞ்ஞானி கூட்டம். எப்போதோ ஜனங்களின் மரபணுவை நோண்டிக் கெடுத்துவிட்டார்களாம். அது தானாகச் சரியாகிறதா என்று பார்க்கத்தான் சிகாகோவையே அடைத்து வைத்தார்களாம். டைவர்ஜென்ட் என்றால் மரபணு சரியாகிவிட்டது, அவ்வளவுதான் அர்த்தமாம். இரண்டு புத்தகமாகத் தலையில் தூக்கி வைத்து ஆடியதை, டாக்டர் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற சமாச்சாரமாக்கிவிட்டார்கள். அதிலும் ஃபோர் அந்தப் பரிசோதனையில் ஃபெயில்.

மாப்பிள்ளை: அடப்பாவமே.

அத்தை: அந்த விஞ்ஞானிகள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? நாம் இப்போது போகிறோமே, அதே ஓஹேரில்.

மாப்பிள்ளை: ஓஹோ, அதனால்தான் அங்கே பெல்ட்டைக் கழற்றச் சொல்லி அந்தப் பாடு படுத்துகிறார்கள்.

அத்தை: கேளுங்கள். அந்த விஞ்ஞானிகள் சிகாகோ ஜனங்களுக்கு மறதி மருந்து அடித்து, எல்லாருடைய ஞாபகத்தையும் துடைக்கத் திட்டம் போடுகிறார்கள். அக்கிரமம் என்று இவள் கொதிக்கிறாள். கொதித்துவிட்டு என்ன செய்கிறாள்? அதே மருந்தை அந்த விஞ்ஞானிகள் மேல் அடிக்கப் போகிறாள்! இவள் அடித்தால் மட்டும் தர்மமா?

மாப்பிள்ளை: அந்த மருந்து கொஞ்சம் கிடைத்தால் நல்லது. என் படம் பார்த்த கதையை நீங்கள் மறந்துவிடுவீர்கள்.

அத்தை: உள்ளே போனால் உயிர் போகும் என்ற வேலைக்கு முதலில் அண்ணன் கேலப்தான் போவதாக ஏற்பாடு. இவளைக் காட்டிக்கொடுத்த பாவி அவன். போகட்டுமே! கடைசி நிமிஷத்தில் இவள் போகிறாள். மரண மருந்து அடிக்கிறார்கள், அதையும் தாங்கிவிடுகிறாள். அப்பாடா என்று நான் தலையணையில் சாய்ந்தேன். உள்ளே சக்கர நாற்காலியில் டேவிட் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். மருந்துக்குச் சாகாதவள் குண்டுக்குச் செத்தாள். இதை ராத் ஏன் இப்படி எழுதினார் என்று கூகுளில் தேடிப் பார்த்தேன்.

மாப்பிள்ளை: கிடைத்ததா?

அத்தை: கிடைத்தது. 2013 அக்டோபரில் புத்தகம் வந்ததும் வாசகர்கள் பிடித்துக்கொண்டார்களாம். இவர் விளக்கம் எழுதியிருக்கிறார். உண்மையான தியாகம் எது என்று அவள் கடைசியில்தான் கற்றுக்கொண்டாள், அதனால் இதுதான் அவளுக்கு ஏற்ற முடிவு என்று. நல்ல விளக்கம்தான். ஆனால் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று விளக்கம் சொன்னால் நான் மார்க் போட மாட்டேன்.

மாப்பிள்ளை: சின்னப் பெண் அத்தை, விடுங்கள். முதல் புத்தகம் வந்தபோது இருபத்திரண்டு வயதுதானாம்.

அத்தை: அதுதான் எனக்கு வருத்தம். 2011-ல் ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று, அதற்கடுத்த வருஷம் ஒன்று. கொஞ்சம் மூச்சு விட்டிருந்தால் அருமையாக வந்திருக்கும். ஒரு இடத்தில் நானே அழுதுவிட்டேன். ஃபோருக்கு அந்தப் பெயரே அவனுக்கு நாலே நாலு பயம்தான் என்பதால் வந்தது. அதில் ஒன்று உயரம். அவள் போய் இரண்டரை வருஷம் கழித்து, ஹான்காக் கட்டடத்து உச்சியிலிருந்து கம்பியில் தொங்கிப் பாய்ந்துகொண்டே அவள் சாம்பலைத் தூவுகிறான்.

மாப்பிள்ளை: போன ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனேனே, அதே கட்டடம். டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டுக் கீழேயே நின்றுகொண்டீர்கள்.

அத்தை: அந்தக் காசுக்கு மதுரையில் ஒரு மாதம் காய்கறி வாங்கலாம். அவன் காதலுக்காக ஏறினான், நான் எதற்கு ஏற வேண்டும்?

மாப்பிள்ளை: அத்தை, ரோஸ்மாண்ட் தாண்டிவிட்டது. அடுத்தது ஓஹேர்தான். ஒரு தடவை சுருக்கமாகச் சொல்லுங்கள், மனப்பாடம் செய்துகொள்கிறேன். சுட்டது டேவிட். போக வேண்டியவன் அண்ணன் கேலப். சாம்பல் ஹான்காக். சரியா?

அத்தை: குரல் ஒன்றாக இருப்பதை விட்டுவிட்டீர்கள். அது நீங்களே கண்டுபிடித்தது போல் சொல்லுங்கள், மதிப்பு கூடும்.

மாப்பிள்ளை: உங்கள் பெண்ணிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. 'விமானம் இறங்கியாச்சு. அம்மா மூன்றாவது புத்தகத்தை முடித்தாளா?' என்று கேட்கிறாள்.

அத்தை: முடித்தாயிற்று என்று போடுங்கள்.

மாப்பிள்ளை: இன்னும் ஒன்று வந்திருக்கிறது. 'டிரிஸுக்கும் ஃபோருக்கும் கல்யாணம் ஆகிற இடம் அம்மாவுக்குப் பிடித்ததா?'

அத்தை: ...

மாப்பிள்ளை: அத்தை, என்ன போட?

அத்தை: ரொம்பப் பிடித்ததாம், சாப்பாடுதான் கொஞ்சம் சுமாராம் என்று போடுங்கள்.