சண்டை எப்ப வரும் மச்சான்?

"உனக்குப் பிடிச்ச படம் என்ன?"ன்னு யாராவது கேட்டா இப்பல்லாம் நான் வாயே திறக்கறதில்லை. 'சில்ரன் ஆஃப் ஹெவன்'னு உண்மையைச் சொன்னா போதும், "ஓ... ஃபாரின் படமெல்லாம் பாக்கற ஆளா நீ"ன்னு ஒரு இழுவை. 1997ல மஜித் மஜிதி எடுத்த ஈரான் படம்ங்க அது. ஒரே ஜோடி ஷூவை அண்ணனும் தங்கச்சியும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடற கதை. இதுல நான் என்ன சீன் போட்டுட்டேன்?

போன ஞாயித்துக்கிழமை ஆசையா வீட்டு டிவியில போட்டேன். முழுசா ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. பத்தாவது நிமிஷமே அக்கா வீட்டுக்காரர் ஆரம்பிச்சுட்டார், "சண்டை எப்ப வரும் மச்சான்?" அம்மாவுக்கு சப்டைட்டில் பிடிபடலை, நான்தான் வரிவரியா தமிழ்ல சொல்லணும். சொல்லிக்கிட்டே இருந்ததுல, ரெண்டு பிள்ளைங்களும் ஷூவைக் கழுவிக்கிட்டே சோப்புக் குமிழி ஊதற இடத்தை நானே கோட்டை விட்டேன்.

கடைசில ஓட்டப்பந்தயம். மூணாம் பரிசுதான் ஷூ. பையன் மூணாவதா வரணும்னே ஓடறான். நான் சோபா நுனியில. அந்த நேரம் பார்த்து அடுக்களையில மிக்சி. கூடவே இவர், "அதான் ஃபர்ஸ்ட் வந்துட்டான்ல, அப்புறம் எதுக்கு அழுவறான்?"

அது புரியத்தானய்யா பேசாம பாருங்கன்னேன்!

கொப்புளம் வெடிச்ச காலை அவன் தொட்டித் தண்ணியில வைக்கறான், மீனெல்லாம் சுத்தி வருது. அதுக்குள்ள ரிமோட் கைமாறி, கிரிக்கெட் ஓடுது.