முதலில் அந்த இரண்டு கம்பங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் பத்துப் பேர் வந்து நின்றார்கள். கவுன்சிலர் தேர்தலுக்கு எங்கள் தெருவில் முதல் ஆளாக ஓட்டுக் கேட்டு வந்தவர்கள். தேதி எதுவும் அறிவிக்கவில்லை. ஆனாலும் 2022 பிப்ரவரியில் ஜெயித்தவர்களின் ஐந்து வருடக் கணக்கை வைத்து இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

கையில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். பெரிய எழுத்தில் 'பாதுகாப்பான வார்டு' என்று இருந்தது. கீழே மூன்று வாக்குறுதிகள்: தெருவுக்குத் தெரு கேமரா, ராத்திரி போலீஸ் ரோந்து, வெளியாட்கள் மீது கண்காணிப்பு. எங்களுடையது பெண்கள் வார்டு. நிற்கப்போவது அவர்களோடு வந்திருந்த ஒரு பெண். பேசியதெல்லாம் அவருடைய கணவர்.

இந்தப் பதிவை அவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. பாதுகாப்பைப் பற்றி வாய் திறந்து ஒருவர் ஓட்டுக் கேட்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். என் மகள் வேலை முடிந்து ராத்திரி பத்தரை மணி ரயிலில் வந்து இறங்குகிறாள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மழை நாளில் அது இருபது நிமிடம் ஆகும். அப்போது எனக்கு என்ன ஓடும் என்பது பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அதனால் அந்தக் கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "டிரான்ஸ்ஃபார்மர் வளைவில் விளக்கு எப்போது எரியும்?"

கணவர், "எந்த வளைவுங்கம்மா?" என்றார். பின்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்தான் பதில் சொன்னார். "அந்த ரெண்டு கம்பமும் ரொம்ப நாளா எரியறதில்லைக்கா. நான் தையல் கம்பெனியில இருந்து வரும்போது நடு ரோட்டுலதான் நடப்பேன். ஓரத்துல சிலாப் உடைஞ்சு கிடக்கு, அப்புறம் அங்க குடிச்சிட்டு உட்கார்ந்திருப்பாங்க. லாரி வந்தா மட்டும் ஒதுங்குவேன்."

என் மகளும் இதையேதான் சொல்வாள். அம்மா, நடு ரோடுதான் சேஃப் என்பாள். லாரி போகிற நடு ரோடு ஒரு பெண்ணுக்குப் பத்திரமான இடமாக இருக்கிறது என்றால், அந்த ஓரம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நோட்டீஸ் அச்சடிக்கும் முன்னால் இந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டிருக்கலாம். முதல் வரியே வேறாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு விளக்குக்காக நான் அலைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் போனில் புகார் கொடுத்தேன். ஒரு வாரத்தில் 'சரி செய்யப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. எட்டிப் பார்த்தால் இருட்டு அப்படியே இருந்தது. உள்ளாட்சி அலுவலகத்துக்கு நேரில் போனேன். கம்பம் எங்களுடையது இல்லை, மின்வாரியத்திடம் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், கம்பம்தான் எங்களுடையது, விளக்கு அவர்களுடையது என்றார்கள். மூன்றாவது முறை போனபோது ஒரு வயதான ஊழியர், "கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும், அதைக் குறிச்சு மனு குடுங்கம்மா, அப்பதான் வேலை நடக்கும்" என்று சொன்னார். ராத்திரி மகளோடு போய் செல்போன் டார்ச் அடித்து நம்பரைத் தேடினோம். ஒரு கம்பத்தில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டி நம்பர் மறைந்திருந்தது. நகத்தால் சுரண்டித்தான் படித்தேன். மனு கொடுத்தபின் ஒரு விளக்கு எரிந்தது. இருபது நாள் எரிந்திருக்கும். அந்த இருபது நாளும் மகள் வளைவில் திரும்பும்போதே அவள் முகம் எனக்கு வாசலிலிருந்து தெரியும். அதற்கப்புறம் அதுவும் அணைந்துவிட்டது.

இதைத்தான் ஒரு கவுன்சிலர் செய்ய வேண்டும். ஒரு குடும்பத்தலைவி வீட்டு வேலையைப் போட்டுவிட்டு மூன்று முறை அலைவதை, அவர் ஒரு போனில், ஒரு மன்றக் கூட்டத்தில் முடிக்கலாம். ஏனென்றால் இது அவருடைய வேலை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் தெருவிளக்கு, வாகன நிறுத்தம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் நான்கும் ஒரே வரியில் வருகின்றன. எழுதியவர்கள் எதை நினைத்து எழுதினார்களோ, எனக்கு அந்த ஒரு வரியைப் படித்தால் ஒரு பெண் ராத்திரி வேலையிலிருந்து வீடு திரும்பும் வழி அப்படியே தெரிகிறது.

போலீஸ் அப்படி இல்லை. காவலும் பொது ஒழுங்கும் மாநில அரசுக்கு என்று அரசியல் சட்டம் ஒதுக்கிய மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. வார்டு கவுன்சிலர் ஒரு கான்ஸ்டபிளைக்கூட இந்தத் தெருவுக்குப் போ என்று உத்தரவிட முடியாது. ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்கலாம், மனு கொடுக்கலாம், அதை நாமும் செய்யலாம். கையில் இல்லாத அதிகாரத்தை நோட்டீஸில் அச்சடித்துக் கொடுப்பது சரியில்லை. அதைக் கணவரிடம் நேராகவே சொன்னேன். கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை.

அடுத்து கேமரா. நான் கேமராவுக்கு எதிரி இல்லை. சென்னையில் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாகக் கேமரா வைத்தபிறகு குற்றவாளிகளைப் பிடிப்பது சுலபமானது உண்மை. 2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்த ஸ்டேஷனில் ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருவில் தனியார் வைத்திருந்த கேமராவில்தான் ஒருவர் நடந்துபோகும் படம் கிடைத்தது. அன்று நாம் எல்லோரும் பதறினோம், கேமரா வேண்டும் என்றோம். சரியான கோரிக்கைதான். ஆனால் கேமரா, நடந்து முடிந்தபிறகு யார் என்று சொல்லும். என் மகள் அந்த வளைவைத் தாண்டும்போது அவளுக்குத் துணைக்கு வராது. வெளிச்சம் இருந்தால் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், பெட்டிக்கடை பத்து மணி வரை திறந்திருக்கும், இன்னும் நான்கு பேர் அந்த வழியாக நடப்பார்கள். அதுதான் துணை.

எங்கள் தெரு சங்கம் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து நான்கு கேமரா வைத்தது. இப்போது ஒன்றின் முன்னால் வேப்பங்கிளை வளர்ந்து முழுக்க மறைத்துவிட்டது. இன்னொன்றின் ஒயர் பள்ளம் தோண்டியபோது அறுந்தது. பராமரிக்க ஆள் இல்லாத கேமரா வெறும் பெட்டி. நோட்டீஸில் கேமரா என்று போடுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார், பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மூன்றாவது வாக்குறுதிதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 'வெளியாட்கள் மீது கண்காணிப்பு.' யார் வெளியாள் என்று கேட்டேன். கூட வந்த ஒரு தம்பி, "வடநாட்டுப் பசங்கதாம்மா, ஒரே வீட்ல பத்துப் பேரு இருக்காங்க" என்றான். எங்கள் தெருக் கடைசியில் இருக்கிற பையன்களைச் சொல்கிறான். கட்டட வேலைக்கு வந்தவர்கள். நான் கேஸ் சிலிண்டரை உருட்ட முடியாமல் நின்ற அன்று அதை மாடி வரை தூக்கி வைத்துவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனவர்கள். அவர்களில் யாராவது தப்பு செய்தால் அந்த ஆள்மேல் புகார் கொடுப்போம், நம்மூர்ப் பையன் செய்தாலும் அதேதான். வாடகைக்கு இருப்பதே குற்றம் என்பதுபோல நோட்டீஸ் போடக் கூடாது.

இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப் முழுக்க வதந்தி. சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊரே கூடி அடித்ததில் அந்தக் குடும்பத்தில் ஒரு முதிய பெண்மணி செத்துப்போனார். அடித்த எல்லோரும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் சுற்றின. பயந்து ஊர் திரும்பியவர்கள் உண்டு. பயத்தைக் கிளப்புவது இவ்வளவு சுலபம். ஓட்டுக் கேட்க வருகிறவர் பயத்தைக் குறைக்க வர வேண்டும். என் ஓட்டு வேண்டுமென்றால் அந்த மூன்றாவது வரியை அடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பாதுகாப்பு என்றால் இன்னும் எத்தனையோ இருக்கிறது. 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் ராத்திரி விழுந்து ஒரு இளம் பத்திரிகையாளர் இறந்துபோனார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. நான்கு தடுப்பும் ஒரு சிவப்பு விளக்கும் வைத்தால் போதும். எங்கள் வளைவில் உடைந்து கிடக்கிற சிலாபும் அதே கதைதான். தெருநாய்க் கருத்தடையும் உள்ளாட்சியின் வேலைதான். மார்க்கெட்டில் காலை நான்கு மணிக்குப் பூ விற்க வருகிற பெண்களுக்குக் கழிப்பிடம் திறந்திருக்கிறதா என்பதும் பாதுகாப்புதான். இதெல்லாம் நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. அந்தப் பாதியில் ஒருத்தியாக நிற்கப்போகிற இந்தப் பெண், யாரும் கேட்காமலே எங்கே சிலாப் உடைந்திருக்கிறது, எந்தக் கம்பம் எரியவில்லை என்று சொல்கிறார். தினமும் அந்த வழியில் நடக்கிறவர். தங்கச்சி, நீங்களே பேசுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கட்டும், ஆனால் மைக்கை நீங்கள் பிடியுங்கள். நீங்கள் சொல்கிற பாதுகாப்பை நான் நம்புவேன்.

நம் தெருக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராமத்தில் கிராம சபை இருக்கிற மாதிரி நகரத்தில் பகுதி சபை, ஏரியா சபை என்று சொல்வார்களே, அது இருக்கிறது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் பல ஊர்களில் கூடியது. எங்கே விளக்கு வேண்டும், எங்கே ரோடு போட வேண்டும் என்று நாமே சொல்லுகிற இடம். அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு போக வேண்டாம். வருகிற ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு, இருட்டியபிறகு, டிரான்ஸ்ஃபார்மர் வளைவில் கூடுவோம். அங்கிருந்து ஸ்டேஷன் வரை நடந்து, எரியாத கம்பம் ஒவ்வொன்றின் நம்பரையும், உடைந்த சிலாப் ஒவ்வொன்றையும் எழுதி எடுப்போம். எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் கூட நடக்கலாம். அந்தத் தங்கச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டும் பேனாவும் என்னிடம் இருக்கிறது. டார்ச் கொண்டு வாருங்கள். போஸ்டர் ஒட்டிய கம்பங்களுக்கு ஒரு பழைய கத்தியும் தேவைப்படும்.