கடற்கரை ஸ்டேஷனில் ரெண்டாவது டிக்கெட் வேண்டாம்

சென்னையில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வேளச்சேரி போகிறவர் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, வெளியே வந்து, பறக்கும் ரயிலுக்கு (மேம்பாலப் பாதையில் ஓடும் ரயில்) தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கணும் சார், அப்படி இல்லை.

மின்சார ரயில், பறக்கும் ரயில் ரெண்டையும் 1995-லிருந்து, அதாவது பறக்கும் ரயிலின் முதல் பகுதியான கடற்கரை - சேப்பாக்கம் தொடங்கியதிலிருந்து, நடத்தி வந்தது தெற்கு ரயில்வேதான். டிக்கெட் முறையும் ஒன்றே. தனி நிறுவனம் நடத்துவது மெட்ரோ. பெயரில் வரும் குழப்பம் இது. எங்கள் வீட்டிலேயே பாதிப் பேர் பறக்கும் ரயில், மெட்ரோ ரெண்டையும் 'மெட்ரோ' என்றுதான் சொல்வார்கள்.

ஒரு விஷயம்: கடற்கரை வரைக்கும் மட்டும் டிக்கெட் வாங்கியிருந்தால், அதை வைத்து வேளச்சேரி போக முடியாது. அவருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

சரிபார்ப்பது சுலபம். தாம்பரம் கவுண்டரில் "வேளச்சேரி ஒண்ணு" என்று கேளுங்கள், அல்லது டிக்கெட் மெஷினில் சேருமிடமாக வேளச்சேரியைத் தேடுங்கள். கையில் வரும் அந்தச் சின்னச் சீட்டில் தாம்பரம், வேளச்சேரி ரெண்டு பெயரும் இருக்கும். அதோடு கடற்கரையில் பிளாட்பாரம் மாறினால் போதும்.