நோ இடம் மாறினால் வாய்வு என்று விடாதீர்கள்

"நோ கீழ இறங்குது பெரியம்மா, வாய்வு கலையுது. பயப்பிடாதேங்கோ." அந்த இரவு இப்படிச் சொன்னது நான்தான்.

கிணற்றடியில் வாளியோடு நின்ற பெரியப்பா, தோள்பட்டைகளுக்கு நடுவில் கத்தியால் கிழித்த மாதிரி இருக்கென்று அப்படியே குந்திவிட்டார். தைலம் பூசினோம், உள்ளி சுட்டுக் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் நோ இடுப்புப் பக்கம் வந்தது. விடியக் கொண்டுபோன இடத்தில் ஈசிஜி எடுத்து, மாரடைப்பு இல்லை என்று குளிசை தந்து அனுப்பினார்கள். மத்தியானம் அவர் இல்லை. பெருநாடி கிழிந்திருந்தது என்று பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

ஓ.எல். விஞ்ஞானத்தில் தொகுதிப் பெருநாடி என்று படம் கீறிப் பெயர் குறித்தோமே, அதுதான். இதயத்திலிருந்து வளைந்து புறப்பட்டு, முள்ளந்தண்டோடு இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரியும். அதன் சுவர் மூன்று படை. உட்படை கிழிந்தால் இரத்தம் படைகளுக்கிடையில் புகுந்து பிளந்துகொண்டே போகும். நான் வாய்வு கலைகிறது என்று சொன்ன நேரம் பெரியப்பாவுக்குக் கிழிசல் நீண்டுகொண்டிருந்திருக்கிறது.

ஈசிஜி நல்லாயிருந்தாலும் பெருநாடி கிழிந்திருக்கலாம். மருந்து ஏற்றி எடுக்கும் சீ.ரீ. ஸ்கானில்தான் தெளிவாகத் தெரியும். மாரடைப்பென்று நினைத்து இரத்தக்கட்டி கரைக்கும் மருந்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால் வைத்தியரிடம் "நெஞ்சு நோ" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நோ ஒரே நொடியில் உச்சத்தில் தொடங்கியதா, முதுகுக்குப் போனதா, இடம் மாறியதா என்று கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இதயத்தை ஒட்டிய பகுதி கிழிந்தால் உடனே சத்திரசிகிச்சை வேண்டும், ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு. கீழ்ப்பகுதி என்றால் பல பேரை இரத்த அமுக்கத்தைக் குறைத்தே காப்பாற்றலாம். இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு அடித்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். நாங்கள் விடியும்வரை காத்திருந்தோம்.

செத்தவீட்டில் ஒருவர் "வயசாள்தானே" என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. பெருநாடிச் சத்திரசிகிச்சைக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான அமெரிக்க வைத்தியர் மைக்கேல் டிபேக்கிக்கு 97 வயதில் இதே கிழிசல் வந்தது. 2006இல் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். 2008 வரை வாழ்ந்தார்.

பெரியப்பா சுருட்டுக்காரர். பிறசர் குளிசையை, "இப்ப நோமல்தானே" என்று தானாகவே விட்டிருந்தார். அவருடைய கிளினிக் கொப்பியில் கடைசி ஏழு மாதமும் வெறுமை. குளிசை போடுவதால்தான் நோமலாக இருக்கிறது என்பதை எங்கள் ஊரில் எத்தனை பேர் நம்புகிறோம்? பெருநாடிச் சுவரைக் கெடுப்பதில் முதல் ஆட்கள் உயர் அமுக்கமும் புகையும்தான். பரம்பரையாகவும் வரும்.

அதனால் அப்பாவைக் கூட்டிப்போய் எக்கோ என்கிற இதய ஸ்கானும் வயிற்று ஸ்கானும் எடுத்தேன். வயிற்றுப் பெருநாடி சாதாரணமாக 2 சென்ரிமீற்றர் அளவு அகலம். 3 ஆனால் வீக்கம். ஆண்களுக்கு 5.5ஐத் தொட்டால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவார்கள், இப்போது தொடை வழியாகவே குழாய் வைக்கவும் முடியும். இந்த வீக்கம் வெடிக்கும்வரை பெரும்பாலும் ஒரு நோவும் காட்டாது. இங்கிலாந்தில் ஆண்களை 65 வயதில் கூப்பிட்டு இந்த ஸ்கான் எடுக்கிறார்கள்.

அப்பாவுக்கு 3.4. அடுத்த வருடம் திரும்ப அளக்க வேண்டும். சுருட்டை விட்டுவிட்டார். குளிசைப் பெட்டியை இரவில் நான் திறந்து எண்ணுகிறேன், அவருக்குக் கோபம்தான்.